பிரேக்கில்லாத வண்டியும் காப்புக் கட்டிய கையும்

கோயமுத்தூர்
1956 தை 10

அன்னக்கொடிக்கு, தவசி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு திண்டுக்கல் தாண்டும் முன்பே தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வாசனை பிடித்தே பாதியை வாங்கிக்கொண்டார்.

இங்கே எங்களை ஒரு பஞ்சாலைக் கிட்டங்கியில் தங்க வைத்திருக்கிறார்கள். கோயமுத்தூர் அணிக்கு ஏழு பேர். மதுரை, திருச்சி, மதராஸ் என்று இன்னும் மூன்று அணிகள். வாரத்துக்கு ஒரு பந்தயம், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் வெளியூரில். பாதை முட்டை வடிவம். ரயில் எஞ்சின் சாம்பலைக் கொட்டி அமுக்கியிருக்கிறார்கள். ஒரு ஓட்டத்துக்கு நான்கு பேர், நான்கு சுற்று. முதலில் வருகிறவனுக்கு மூன்று புள்ளி. சீசன் முடிவில் புள்ளி அதிகம் வைத்திருக்கும் ஊருக்குக் கோப்பை.

மோட்டார் சைக்கிள்தான், ஆனால் பார்த்தால் நீ சிரிப்பாய். பிரேக் கிடையாது. கியர் ஒன்றுதான். வளைவு வந்தால் இடது காலைத் தரையில் ஊன்றி, வண்டியைச் சாய்த்துச் சறுக்க வேண்டும். அதற்காக இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்துத் தந்திருக்கிறார்கள். நடந்தால் லாடம் கட்டிய மாடு மாதிரி சத்தம் வருகிறது.

போடிமெட்டு வளைவில் என்னைப் பார்த்துக் கூப்பிட்ட அதே மேனேஜர் ஆதித்தன்தான் இங்கே எல்லாம். ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். சீசன் முடியும்வரை அவர் உத்தரவில்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. பங்குனி பிறப்பதற்குள் முடிந்துவிடும் என்கிறார். தோட்டத்தில் ஜீப்பு வாங்கிய பிறகு மோட்டார் சைக்கிளில் தபால் பை கொண்டுபோக ஆள் வேண்டாம் என்றார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல். பங்குனியில் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது வந்துவிடுவேன்.

தவசி


சிலமலை
தை 20

மச்சானுக்கு அன்னக்கொடி சொல்றது. எழுதுறது நம்ம மிசன் பள்ளிக்கூடத்து லில்லி டீச்சர். நான் சொல்றத சொல்றபடியே எழுதணும், திருத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சரின்னு தலையாட்டுச்சு. ஆனா எழுதுறப்ப சிரிக்குது, அதத்தான் நிறுத்த முடியல.

நானும் ஆடும் கோழியும் சொகம். ஆடுன்னதும் ஞாபகம் வருது. தபால்காரர் உங்க காயிதத்தக் குடுக்க வந்து, தொப்பியக் கழட்டி கல்லுல வச்சுட்டுத் தண்ணி கேட்டாரு. நான் செம்பு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆடு தொப்பியில ஒரு கடி கடிச்சிருச்சு. காக்கித் துணியில அதுக்கு என்ன ருசியோ. "சர்க்கார் சொத்தும்மா"ன்னாரு பாவம். நான் உக்காந்து தச்சுக் குடுத்தேன். அதுவரைக்கும் காயிதத்தப் பிரிக்காமலே மடியில வச்சிருந்தேன். படிக்க ஆளு வேணும்ல.

பிரேக் இல்லாத வண்டியா? நெசமாவா? மருதாயிச் சித்திகிட்டச் சொன்னேன். "அப்ப அது வண்டியில்லடி, எம் மாமியா"ன்னுச்சு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஒங்க பங்காளி கோட்டைச்சாமி தெனமும் வந்துட்டுப் போறான். "மதினி, அண்ணே எப்ப வர்றாரு, மதினி, காயிதம் வந்துச்சா"ன்னு. பாசமாத்தான் கேக்குறான், இல்லன்னு சொல்லல. ஆனா கேட்டுட்டு அவன் கண்ணு கோயில் சாவி தொங்குற ஆணிக்குப் போகுது. முத்தாலம்மனுக்கு மொத காப்பு ஒங்க வீட்டுக் கையில கட்டினாத்தான் ஊரு கட்டும். மாமா இருந்தவரைக்கும் அவுக கை, பெறகு ஒங்க கை. நீங்க அன்னைக்கு நிக்கலன்னா அடுத்த பங்காளி கைக்குப் போயிரும். போனது போனதுதான், திரும்ப வராது. நமக்கு மச்சு வீடா இருக்கு, தோப்பா இருக்கு? ஊருல நம்மள ஒரு ஆளா மதிக்கிறது அந்தக் காப்பாலதான்.

வெரசா வந்துருங்க. அந்த இரும்புச் செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்க.

அன்னக்கொடி


கோயமுத்தூர்
மாசி 3

அன்னக்கொடிக்கு.

திருச்சியில் ஜெயித்தோம். நான் ஓடிய எல்லா ஓட்டத்திலும் முதலில் வந்தேன். ஒலிபெருக்கியில் என்னைப் "போடி மலைப் புலி" என்று கத்தினார்கள். கடைத்தெருவில் ஒருவன் என் படத்தைத் தட்டியில் வரைந்து வைத்திருக்கிறானாம். நான் பார்க்கவில்லை. கடைத்தெருவுக்கு எங்கே விடுகிறார்கள்?

எங்கள் அணியில் ஜேசுதாஸ் என்று ஒருவன் இருந்தான். தங்கச்சி பார்க்க வந்திருக்கிறாள் என்று ஒரு பெண் கேட்டில் வந்து நின்றாள். பேசப் போனான், திரும்பவில்லை. திருச்சி அணிக்காரர்கள் அவளை அனுப்பித்தான் அவனை இழுத்துப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து கேட்டுக்கு இரண்டு பூட்டு. சாப்பாடு உள்ளேயே வருகிறது. நல்ல சாப்பாடுதான், குறை சொல்ல முடியாது.

வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவதில்லை. ஒரு வகைச் சாராயமும் விளக்கெண்ணெயும். மதுவிலக்கு ஊரில் பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் வைத்திருக்கிறோம் என்று ஒரு போலீஸ்காரர் காவலுக்கு வேறு இருக்கிறார். "மனுஷன் குடித்தால் கண் போயிரும், வண்டி குடித்தால் பறக்கும்" என்று தினமும் சொல்லிவிட்டுப் பீப்பாய் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

மலையில் ஒரு வளைவு இந்தப் பக்கம் என்றால் அடுத்தது அந்தப் பக்கம். இங்கே எல்லாமே இடது பக்கம்தான். காலையில் பல் விளக்கப் போனால்கூட என்னை அறியாமல் இடது பக்கம் சாய்ந்துகொண்டு போகிறேனாம். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களும் அப்படித்தான் போகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மதுரையில் பந்தயம். மருதாயிச் சித்தியைக் கூட்டிக்கொண்டு வா. பந்தயம் முடிந்ததும் நாம் பேசலாம்.

தவசி


சிலமலை
மாசி 16

மச்சானுக்கு.

போயிட்டு வந்து ரெண்டு நாளாச்சு, இன்னும் காதுக்குள்ள அந்தச் சத்தம் நிக்கல. நடந்தத மொதல்ல இருந்து சொல்றேன். ஒங்களுக்கு ஒங்க வண்டி மட்டுந்தான தெரியும், எங்க கதை தெரியாதுல்ல.

தேனியில பஸ்சு மாறுறப்ப சித்தி ஒரு தர்பூசணிய வாங்கி மடியில வச்சுக்கிச்சு. வெயிலுக்கு நல்லதாம். மதுரை வரைக்கும் அத ஒரு பிள்ளையப் போல பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. கொட்டகையில பொம்பளைகளுக்கு ஒரு பக்கம் மூங்கி அடைச்சு வச்சிருந்தாக. நீங்க நாலு பேரும் வந்து நின்னீக. ஒரே மாதிரி தோல் சட்டை, ஒரே மாதிரி தொப்பி. எது எம் புருசன்னு எனக்கே தெரியல மச்சான். பெறகு ஒருத்தரு மட்டும் குனிஞ்சு சக்கரத்தத் தொட்டு நெத்தியில வச்சாரு. இவுகதான்னு எந்திரிச்சேன்.

கயிறு தூக்குனதும் ஒரே புழுதி. கரும்புழுதி. வாயெல்லாம் கரி. நீங்க காலக் கீழ ஊனி, வண்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கமாப் போறத என்னால பாக்க முடியல. சித்தி பாத்துச்சு. பாத்துட்டு, "என்னடி, ஒம் புருசன் போன எடத்துக்கே திரும்பத் திரும்ப வர்றான், எதையாச்சும் மறந்து வச்சுட்டானா?"ன்னு கேட்டுச்சு. சுத்தியிருந்தவுக எல்லாம் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ஒங்க எடது காலப் பாத்தேன். அந்தக் காலத் தவிர வேற ஒண்ணும் எனக்குத் தெரியல.

முடிஞ்சதும் லாரிகிட்ட ஓடியாந்தோம். ஆதித்தன் மறிச்சாரு.

"யாரும்மா நீ?"

"அவுக பொண்டாட்டி."

"சீசன் முடியட்டும்மா."

"அந்தா நிக்கிறாகள்ல, ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிருறேன்."

"இப்பிடித்தான் தங்கச்சின்னு ஒருத்தி வந்தா. என் ஆளு போயிட்டான்."

"நான் பொண்டாட்டிதான்னு ஒங்களுக்கு எதக் காட்டணும்?"

"எதையும் காட்ட வேணாம்மா. வண்டி கெளம்புது."

கெட்டவரு மாதிரி பேசல. கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னாரு. அதுக்கு மேல நான் என்ன சண்டை போடுறது? நீங்க லாரிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னீக. மூஞ்சி பூராம் கருப்பு, கண்ணாடி இருந்த எடம் மட்டும் வெளுப்பு. ஏதோ சொன்னீக, எஞ்சின் சத்தத்துல கேக்கல. சித்தி தர்பூசணியத் தூக்கி லாரிக்குள்ள போட்டுச்சு. அதாவது ஒங்க கைக்கு வந்துச்சா?

காப்புக்கு வந்துருவீகல்ல? கோட்டைச்சாமி புது வேட்டி எடுத்துட்டான்.

அன்னக்கொடி


கோயமுத்தூர்
மாசி 27

அன்னக்கொடிக்கு.

பழம் வந்தது. ஆறு பேரும் சாப்பிட்டோம்.

எழுதக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை. மதராஸில் பாதைச் சாம்பல் கரைந்து ஓடிவிட்டது. பந்தயங்களைத் தள்ளி வைத்தார்கள். மதராஸும் நாங்களும் சமப் புள்ளியில் நிற்கிறோம். கடைசிப் பந்தயம் இங்கே, பங்குனி ஏழு, செவ்வாய்க்கிழமை. மில்லுக்கு அன்றைக்குத்தான் விடுமுறையாம். அந்தச் செவ்வாய் நம் ஊரில் காப்பு.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "உங்க ஊர்ச் சாமி அடுத்த வருசமும் அங்கதான் இருக்கும் தவசி, எனக்கு இந்தக் கோப்பை அடுத்த வருசம் இருக்காது" என்றார். ஒப்பந்தத்தைக் காட்டினார். சீசன் முடியும்வரை என்றுதான் எழுதியிருக்கிறது, தேதி எழுதவில்லை. நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சுவர் ஏறிக் குதிக்கலாம், உயரம் இல்லை. ஜேசுதாஸ் பெயரை எல்லா ஊர் மோட்டார் கம்பெனிகளுக்கும் எழுதிவிட்டார்களாம். அவனுக்கு இனி லாரி ஓட்டும் வேலைகூடக் கிடைக்காதாம். மலையில் ஜீப்பு வந்துவிட்டது. ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

காப்பு கோட்டைச்சாமிக்குப் போனால் போகட்டும். நூலும் மஞ்சளும்தானே.

தவசி


சிலமலை
பங்குனி 8

மச்சானுக்கு.

நூலும் மஞ்சளும்தானேன்னு எழுதிட்டீக. லில்லி டீச்சர் அந்த எடத்துல படிக்கிறத நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. வேதக்காரப் பொண்ணு அது. அதுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன், கேளுங்க.

நேத்து கோயில் முன்னால ஊரு கூடியிருந்துச்சு. கோட்டைச்சாமி குளிச்சு, புது வேட்டி கட்டி, கைய நீட்ட வேண்டியதுதான் பாக்கி. பூசாரி தட்டுல மஞ்சள் வச்சுக்கிட்டு, "தவசி வீட்டுல யாரு"ன்னு மொறைக்கு மூணு வாட்டி கூப்பிட்டாரு. வழக்கம்ல. ரெண்டாவது வாட்டி கூப்பிடுறப்பவே நான் போயி நின்னுட்டேன்.

ஊர்ப் பெரியதனம் மொக்கையன் மாமா, "நீ எதுக்குத்தா வந்த?"ன்னாரு.

"எங்க வீட்டக் கூப்பிட்டீக, வந்தேன்."

"ஆம்பளைக கையிலதான கட்டுறது."

"தீச்சட்டி நாங்க தூக்குறோம். மொளப்பாரி நாங்க வளக்குறோம். மாவிளக்கு நாங்க எடுக்குறோம். இந்த மஞ்சக் கெழங்கு மட்டும் எங்க கையில ஒட்டாதா மாமா?"

பொம்பளைக பக்கம் ஒரு சிரிப்பு. மாமா தாடியச் சொறிஞ்சாரு. அவருக்கு ஆகாதுன்னு சொல்ல ஒரு காரணமும் தோணல, ஆகும்னு சொல்லவும் தைரியம் இல்ல. அப்பத்தான் கோட்டைச்சாமி வாயத் தெறந்தான்.

"மதினி, மத்தவுக போகலாம், மொத காப்புக் கட்டுனவுக எல்லையத் தாண்டக் கூடாது. போடி ஆத்துக்குப் போற அன்னைக்கு மட்டுந்தான் தாண்டலாம். நீங்க பஸ்சு ஏறி மதுரைக்கெல்லாம் போற ஆளு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "தாண்ட மாட்டேன்"னேன்.

"தாண்டிட்டா?"

"தாண்டிட்டா காப்பு ஒனக்கு. ஒன் பிள்ளைகளுக்கும் வச்சுக்க. நாங்க கேக்க மாட்டோம்."

ஊரே கேட்டுச்சு. மாமா பூசாரியப் பாத்தாரு, பூசாரி அம்மன் மொகத்தப் பாத்தாரு, கட்டிட்டாரு. எனக்குப் பெறகு கோட்டைச்சாமிக்கு, அதுக்குப் பெறகு மத்தவுகளுக்கு. அவன் என் பக்கம் திரும்பாமலே கைய நீட்டுனான். கோவம்னு நெனைக்கிறேன்.

ஒங்க எடத்த நான் பிடிச்சு வச்சிருக்கேன் மச்சான். காப்பு எறங்குன பெறகு மெதுவா வாங்க. அடுத்த செவ்வாக்கெழமை ஆத்துல கரகம் ஜோடிச்சுத் தீச்சட்டி தூக்கி வரணும். மொத சட்டி என் கையில. அது வரைக்கும் நான் எங்கயும் போக வேண்டியதும் இல்ல. எனக்கு இங்க என்ன சோலி இல்லையா?

அன்னக்கொடி


போடி ஆஸ்பத்திரி
பங்குனி 10

அன்னக்கொடி,

நான் போடியில் இருக்கிறேன். பள்ளிக்கூட வேலையாகப் போடிக்கு வந்த லில்லி டீச்சர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ கோயமுத்தூருக்குப் போட்டதாக டீச்சர் சொன்ன கடிதம் எனக்கு வரவில்லை. காப்பு விஷயம் கோட்டைச்சாமி சொல்லித்தான் தெரியும்.

கடைசி ஓட்டம். எனக்கு முன்னால் போன மதராஸ்காரன் வளைவில் விழுந்தான். அவன்மேல் ஏற்றக் கூடாதென்று வலது பக்கம் திருப்பினேன். இத்தனை நாளும் இடது பக்கமே திரும்பிய வண்டி, திரும்பவில்லை. பிரேக்கும் இல்லை. வேலிப் பலகையில் போய் மோதினேன். இடது கால் வண்டிக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கோப்பை யாருக்கு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அங்கே மாவுக்கட்டுப் போட்டார்கள். ஊருக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கம்பெனி லாரியில் பஞ்சு மெத்தை போட்டு அனுப்பினார்கள். இன்று விடிகாலையில் சிலமலை எல்லைக் கல்லில் லாரியை மறித்துவிட்டார்கள். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவன் காப்பு இறங்கும்வரை உள்ளே வரக் கூடாதாம். கோட்டைச்சாமிதான் லாரிமேல் ஏறி வந்து சொன்னான். "அண்ணே, இது நான் போட்ட சட்டமா" என்று அழுதான். அவனே ஆஸ்பத்திரிவரை கூட வந்து, தூக்கி இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தான்.

எல்லையிலிருந்து பார்த்தால் நம் வீட்டு வேப்பமரம் தெரிகிறது.

மதுரைக்கு வந்தாய். இது நடந்து வருகிற தூரம். வா.

தவசி


சிலமலை
பங்குனி 11

மச்சானுக்கு.

லில்லி டீச்சர் காயிதத்தப் படிச்சு முடிச்சதும் செருப்பக்கூடப் போடாம ஓடினேன். எல்லைக் கல்லு வரைக்கும் ஓடினேன். அங்க வந்து நின்னுட்டேன்.

யாரும் என்னப் பிடிக்கல. யாரும் மறிக்கல. ராக்கு மட்டும் மாடு மேச்சுக்கிட்டு இருந்தா. அவளும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா, பாக்காத மாதிரி. தாண்டுறதுன்னா தாண்டிக்கன்னு விட்டுட்டா. அது இன்னும் கஷ்டம் மச்சான். யாராச்சும் கையப் பிடிச்சு இழுத்திருந்தா திமிறிக்கிட்டுப் போயிருப்பேன். கல்லு கிட்டயே உக்காந்திருந்தேன். ரோட்டுல போற பஸ்செல்லாம் நீங்க இருக்குற எடத்துக்குத்தான் போகுது. கண்டக்டர் ஒருத்தரு நிறுத்தி, "ஏறுறியா ஆத்தா"ன்னு கேட்டாரு. இல்லன்னு தலையாட்டினேன்.

மொக்கையன் மாமாகிட்டப் போனேன். "மாமா, கட்டுன காப்ப நடுவுல அவுக்க வழி இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்குத்தா. வீட்டுல எழவு விழுந்தா அவுத்துறலாம். குத்தம் இல்ல."

சொல்லிட்டு அவரே நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. நான் வீட்டுக்கு வந்து வாயக் கழுவினேன். அவரு சொன்னதுக்கு நான் எதுக்கு வாயக் கழுவுறேன்னு எனக்கே தெரியல.

நான் பேசுன பேச்சு மச்சான். ஊரு முன்னால நானாத்தான் பேசினேன். நான் தாண்டினா ஒங்க அப்பா கையில இருந்தது போயிரும், பொம்பளை வாய நம்பிக் கட்டினோமேன்னு அம்மன் பேரச் சொல்லிப் பேசுவாக. நாளைக்கு மழை பெய்யலன்னாலும் என் தலை, மாடு செத்தாலும் என் தலை. சாப்பாடு லில்லி டீச்சர் கையில குடுத்து விட்டுருக்கேன். எலும்பு ரசம் வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள குடிங்க.

கால்ல வெரலு அசையுதா? அத மட்டும் எழுதுங்க.

அன்னக்கொடி


போடி ஆஸ்பத்திரி
பங்குனி 12

அன்னக்கொடிக்கு.

ரசம் குடித்தேன். விரல் அசையவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே புண் பழுத்திருக்கிறது. இங்கே முடியாது, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றார். புதன்கிழமை காலையில் ஏலக்காய் லோடு ஏற்றிப் போகும் வேனில் இடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாமாம். "கூட யார் வருகிறார்கள்" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

வா என்று எழுதினேனே, அதை மறந்துவிடு. வராதே. படுத்துக்கொண்டு யோசித்தேன். கம்பெனியில் என் பெயரை அடித்திருப்பார்கள். தோட்டத்தில் வேலை இல்லை. இனிமேல் எந்த வண்டியும் ஓட்டப்போவதில்லை. நான் திரும்பி வந்து உட்கார ஊரில் ஒரு இடம் வேண்டும். நொண்டியாக வந்தாலும் முதல் காப்புக்காரன் நொண்டி என்று இருக்கட்டும். வெறும் நொண்டியாக என்னால் கோயில் முன்னால் போய் நிற்க முடியாது.

நீ செவ்வாய்க்கிழமை சட்டியைத் தூக்கி, கோயிலில் இறக்கி, முறைப்படி முடி. நான் மதுரைக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன். மனுஷன் தனியாகச் செய்ய முடியாதது ஒன்றும் அங்கே இல்லை. மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களாம்.

கோட்டைச்சாமி தினமும் வருகிறான். இன்றைக்கு எனக்குச் சவரம் செய்துவிட்டான். நாங்கள் காப்பைப் பற்றிப் பேசவில்லை.

தவசி


சிலமலை
பங்குனி 13

மச்சானுக்கு.

இது சின்னக் காயிதம்தான். டீச்சர் மை தொட்டுக்கிட்டு ரெடியா இருக்கு. நாந்தான் எங்க ஆரம்பிக்கிறதுன்னு உக்காந்திருக்கேன்.

காலையில சட்டி வாங்கக் கொசவர் வீட்டுக்குப் போனேன். ஆயம்மாள் பாட்டி சட்டியத் தட்டித் தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லன்னு ரெண்ட ஒதுக்கிட்டு, மூணாவதத் தூக்கிக் குடுத்துச்சு. "நல்லா வெந்த சட்டி ஆத்தா, கனமா இருக்கும், கை நழுவாமப் பாத்துக்க"ன்னுச்சு. நழுவாது பாட்டின்னேன். அங்கயே எனக்கு முடிவாயிருச்சு. ஏன் அங்கன்னு கேக்காதீக, தெரியல.

வர்ற வழியில கோட்டைச்சாமியப் பாத்தேன். நிறுத்தி நேராச் சொன்னேன்.

"நாளைக்கு ஆத்துல இருந்து சட்டியத் தூக்கிட்டு வருவேன். ஊர்வலம் ஆசுபத்திரி வாசல் வழியாத்தான் வரும். வாசல்ல சட்டிய ஒன் கையில குடுத்துருவேன். நீ தூக்கிட்டுப் போ."

"மதினி, ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"ஊர்வலத்த விட்டு விலகுனாலும் தாண்டுனதுதான் மதினி. எல்லாருக்கும் முன்னால சொல்லிருக்கீக. பெறகு அது எங்க வீட்டுக்குத்தான்."

"அதத்தான் சொல்றேன். ஒங்க வீட்டுக்குத்தான்."

சந்தோசப்படுவான்னு நெனச்சேன் மச்சான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "சட்டி சுடும் மதினி, கை மாத்துறப்ப சிந்திரும். நான் வேப்பெல நெறயாக் கொண்டாறேன்"ன்னான். அம்புட்டுத்தான் பேசினான். காப்பையும் வாசல்லயே அவுத்து அவங்கிட்டக் குடுத்துருவேன்.

புதங்கெழமை வேன்ல நானும் வருவேன். ஏலக்கா மூட்டை மேல உக்காந்துக்கிருவேன், எனக்கென்ன. அங்க கத்தி வைக்கிறப்ப வாசல்ல இருப்பேன். நீங்க கண்ணு முழிக்கிறப்ப உள்ள இருப்பேன்.

மொத காப்புக்காரன் நொண்டின்னு எழுதியிருக்கீக. எனக்கு நொண்டி போதும். காப்புக்காரன் வேணாம்.

நாளைக்கு நேர்லயே வரப்போறவ எதுக்குக் காயிதம் எழுதுறான்னு டீச்சருகூடக் கேக்குது. ஒங்களத் தெரியும் எனக்கு. நான் வந்து நின்னதும் செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, போ, போயிச் சட்டியத் தூக்குன்னு வெரட்டுவீக. வார்டுல அத்தன பேரு பாக்கையில நான் ஒங்ககூட மல்லுக்கு நிக்க முடியாது. கையும் அப்ப காந்திக்கிட்டு இருக்கும். அதனால வெரட்டுறதா இருந்தா இன்னைக்கே இந்தக் காயிதத்த வெரட்டித் தீத்துக்கங்க. நாளைக்குப் பேசாம கட்டில்ல கொஞ்சம் நகந்து, நான் உக்கார எடம் விட்டுப் படுத்திருங்க.

அன்னக்கொடி